"யூனிக்ஸ்தானே, ரீகம்பைல் பண்ணா ஓடிடும்"னு சொல்றவர்கிட்ட அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி

கேள்வி: ஈரோட்டுல மஞ்சள் மண்டி வச்சிருக்கோம். அப்பா காலத்துல ஒருத்தர் சி-ல எழுதிக் குடுத்த லெட்ஜர் புரோகிராம் இன்னும் எஸ்சிஓ யூனிக்ஸ்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல, பழைய 486 மெஷின்ல ஓடுது. சோர்ஸ் கோடு இருக்கு, எழுதினவர் இப்ப இல்ல. லினக்ஸுக்கு மாத்தணும்னு விசாரிச்சா ஒருத்தர் "ரெண்டும் யூனிக்ஸ்தாங்க, ரீகம்பைல் பண்ணி ஒரே நாள்ல குடுத்துடலாம்"ங்கிறார். இன்னொருத்தர் "இது ஆகாது, புது சாஃப்ட்வேர் வாங்குங்க"ங்கிறார். யாரை நம்பறது?

பதில்: ரெண்டு பேரையும் வேண்டாம். ஆனா ரெண்டாவது ஆளால உங்க காசு மட்டும்தான் போகும், முதல் ஆளால கணக்கே போயிடும், அதனால அவரைப் பத்திதான் பேசப்போறேன்.

யூனிக்ஸ்ங்கிறது ஒரே சாமான் கிடையாதுங்க. பெல் லேப்ஸ்ல பிறந்தது, அப்புறம் பெர்க்லிக்காரங்க பிஎஸ்டின்னு ஒரு பக்கம் இழுத்துட்டுப் போனாங்க, ஏடி அண்ட் டி 1983-ல சிஸ்டம் ஃபைவ்னு இன்னொரு பக்கம் வித்தாங்க, மைக்ரோசாஃப்ட் கூட ஜெனிக்ஸ்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, அதைப் பிசில ஓட வச்சு பேர் வாங்கினதுதான் உங்க எஸ்சிஓ. ஒருத்தர் வீட்ல பிரிண்டர் கமாண்டு எல்பி, இன்னொருத்தர் வீட்ல எல்பிஆர். ஒரு பக்கம் ஃபைல் பேரு 14 எழுத்தைத் தாண்டக்கூடாது, அந்தப் பக்கம் 255. டெர்மினல் செட்டிங் மட்டுமே மூணு தினுசு. 1988-ல எல்லா யூனிக்ஸும் ஒரே மாதிரி நடக்கணும்னு பாசிக்ஸ்னு ஒரு ஸ்டாண்டர்டு வந்துச்சு, சரி ஒழிஞ்சுதுன்னு பாத்தா அதே வருஷம் ஐபிஎம், டெக், ஹெச்பி எல்லாம் சேந்து ஏடி அண்ட் டி, சன் கூட்டணிக்கு எதிரா ஓஎஸ்எஃப்னு தனிக் கட்சி ஆரம்பிச்சாங்க. அந்த பாசிக்ஸ் முத்திரையாவது உருப்படியான்னா, அமெரிக்க கவர்மெண்ட் டெண்டருக்காக விண்டோஸ் என்டி கூட அதைக் குத்திக்கிட்டுதான் வந்துச்சு, நெட்வொர்க் கூட இல்லாத ஒரு பாசிக்ஸ். அதனால உங்க ஆளு "பாசிக்ஸ் கம்ப்ளையண்ட் சார்"னு ஆரம்பிச்சா கேட்டுட்டு டீ குடுத்து அனுப்பிடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய கோடை புது ஜிசிசில, அதாவது சி கோடை ஓடற புரோகிராமா மாத்தற லினக்ஸ் கம்பைலர்ல, போட்டா எரர் கொட்டும், முன்னால வார்னிங்கோட விட்ட சிலதை 14-ஆம் வெர்ஷன்ல இருந்து எரர்னு நிறுத்திடறான். எரர் வர்றது நல்லது, பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது அதை வாயடைக்கிற ஆளுக்கு. பழைய ஸ்டாண்டர்டு ஆப்ஷன் ஒண்ணு, வார்னிங்கை மொத்தமா அமுக்கற ஆப்ஷன் ஒண்ணு, ரெண்டையும் போட்டா மடமடன்னு கம்பைல் ஆயிடும். "பாருங்க சார், ஒரு வார்னிங் கூட இல்ல"ன்னு காட்டுவார். பேஷண்ட் வாயில பஞ்சை வச்சுட்டு வலி இல்லைங்கிற மாதிரிதான் அது. அமுக்கின வார்னிங்குக்குள்ள மல்லாக் (மெமரி கேட்டு வாங்கற ஃபங்ஷன்) சமாச்சாரம் இருக்கும், அதாவது மெமரி அட்ரஸை 32 பிட்டுன்னு நினைச்சு பாதியை வெட்டிடும், புரோகிராம் எங்கேயோ போய் விழும். விழுந்தா கூட பரவாயில்ல, தெரிஞ்சுடும்.

தெரியாமப் போறது டேட்டா ஃபைல். உங்க புரோகிராம் பேலன்ஸை எல்லாம் டெக்ஸ்டா எழுதலைன்னு வச்சுக்கங்க, அந்தக் காலத்துல பெரும்பாலும் ஸ்ட்ரக்சரை, அதாவது ஒரு ரெக்கார்டோட எல்லா விவரமும் சேந்த கட்டை, அப்படியே பைட்டா டிஸ்க்ல கொட்டிடுவாங்க. அக்கவுண்ட் நம்பர் ஒரு லாங் (முழு எண்), பாக்கி ஒரு டபுள் (புள்ளி வச்ச எண்), பேரு 28 எழுத்து. 386, 486-ல இது 4, 8, 28, மொத்தம் 40 பைட். அதே கோடை இன்னிக்கு 64 பிட் லினக்ஸ்ல கம்பைல் பண்ணா லாங் 8 பைட் ஆயிடும், கடைசில 4 பைட் வெத்திடம் சேந்து 48. கோடுல ஒரு எழுத்து மாறல, எரர் இல்ல, வார்னிங்கும் இல்ல. முதல் ரெக்கார்டை படிக்கிறான், 8 பைட் லாங்குக்குள்ள பாக்கியோட கீழ் பாதியும் சேந்து வந்துடும்: பாக்கி 1500 ரூபாய்னு ரவுண்டா இருந்தா அதோட கீழ் பாதி பைட்டு எல்லாம் பூஜ்யம், அதனால அக்கவுண்ட் நம்பர் கரெக்டாவே வரும்! பாக்கி இடத்துல பேரோட முதல் நாலு எழுத்து போய் உக்காந்துக்கும். பேரு இங்கிலீஷ் பெரிய எழுத்துல ராஜான்னு இருந்தா பாக்கி சுமார் 34 லட்சத்து 41 ஆயிரம்னு காட்டும். நான் சும்மா சொல்லலைங்க, பைட்டை எழுதிக் கூட்டிப் பாத்தா அவ்ளோதான் வருது. மண்டில ஒருத்தர் பாக்கி 34 லட்சம்னா நம்பறதுக்கும் ஆளு இருக்கு. இதே பேரு சின்ன எழுத்துல இருந்தா நூறு இலக்கத்துக்கு மேல போகும், அப்பவாவது சந்தேகம் வரும்.

இதுக்கு வழி ரெண்டு. அவசரத்துக்கு 32 பிட்டுன்னு சொல்லி கம்பைல் பண்றது, அப்ப அளவு பழையபடி 40-ஏ வரும், மல்லாக் தலைவலியும் பெரும்பாலும் போகும். நிரந்தரத்துக்கு, பழைய மெஷின்லயே ஒரு சின்ன புரோகிராம் எழுதி எல்லா ரெக்கார்டையும் டெக்ஸ்டா எடுத்து, புது மெஷின்ல ஏத்தறது. இந்த ரெண்டாவதை உங்க ஆளு தானா சொன்னார்னா அவருக்கு வேலை தெரியும்னு அர்த்தம்.

இதுல ஒரு விதிவிலக்கு. "சின்னதா ஒரு ராஸ்ப்பெரி பை போதும் சார், கரண்டும் மிச்சம்"னு யாராவது சொன்னா முதல்ல இதைப் பாக்கச் சொல்லுங்க. அந்தக் குட்டி கம்ப்யூட்டர்ல இருக்கறது ஏஆர்எம் சிப், ஏஆர்எம் லினக்ஸ்ல கேரக்டருக்கு (ஒரு எழுத்தை வைக்கிற இடம்) மைனஸ் மதிப்பு கிடையாது, பிசில உண்டு. பழைய ஆளுங்க ஃபைல்ல இருந்து ஒவ்வொரு எழுத்தா படிக்கும்போது அதை கேரக்டர்ல வாங்கி மைனஸ் ஒண்ணு வந்தா ஃபைல் முடிஞ்சதுன்னு எழுதியிருப்பாங்க, ராஸ்ப்பெரி பையில அந்த மைனஸ் ஒண்ணு 255 ஆயிடும், ஃபைல் முடியவே முடியாது, புரோகிராம் சுத்திக்கிட்டே இருக்கும். திருத்தறது லேசு, கேரக்டரை இன்ட்னு (முழு எண்) மாத்தினா போதும், இல்ல கேரக்டருக்கு சைன் உண்டுன்னு கம்பைலர்கிட்ட சொல்லிடலாம். ஆனா மாத்தணும்னு தெரியணும்ல. பிசிலயே இருக்கப்போறீங்கன்னா இதை விட்டுடுங்க.

டைம்அவுட் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. பழைய சிஸ்டம் ஃபைவ்ல, வச்ச நேரம் முடிஞ்சு அலாரம் அடிச்சா, கீபோர்டுல அடிக்கறதுக்காகக் காத்துக்கிட்டிருந்த ரீடு உடனே திரும்பி வந்துடும். லினக்ஸ்ல சாதாரணமா அது மறுபடி காத்திருக்கப் போயிடும். கீபோர்டுல யாரும் எதுவும் அடிக்கலைன்னா வெளியேறணும்னு எழுதின இடமெல்லாம் அப்படியே நிக்கும்.

பேமெண்டை மூணா பிரிங்க. கம்பைல் ஆனதுக்கு ஒரு பைசா கிடையாது. டேட்டா வந்து, பழைய மெஷின் ட்ரையல் பேலன்ஸும் புது மெஷின் ட்ரையல் பேலன்ஸும் பைசா சுத்தமா ஒத்துப்போனா முதல் பங்கு. ரெண்டு மெஷின்லயும் ஒரே என்ட்ரியைப் போட்டு மாசக் கணக்கு முடிஞ்சா ரெண்டாவது. மார்ச் கணக்கு முடிஞ்சா மிச்சம். ஒத்துக்க மாட்டார், இந்த தொழில்ல யாரும் லேசுல ஒத்துக்கறதில்ல, டெமோ காட்டி காசு வாங்கிப் பழகிட்டாங்க. விடாதீங்க.

அப்புறம் பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன்னு கேப்பார். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த டிஸ்கை முழுசா இமேஜ் (அச்சு அசல் காப்பி) எடுத்து ரெண்டு இடத்துல வைங்க, மார்ச் முடியற வரைக்கும் மெஷினைக் குடுக்காதீங்க, அந்த டெக்ஸ்ட் எடுக்கற புரோகிராமை அதுல இருக்கற கம்பைலர்ல போடறதுதான் சுலபம், கணக்கை ஒத்துப் பாக்கவும் அது வேணும்.