பெயர் சொல்லாமல் திட்டினால் பிழைத்துவிடலாமா?

கேள்வி: பதினான்கு பேர் மட்டுமே இருந்த ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, 2021இல், மேலாளரைக் கடுமையாகத் திட்டி முகநூலில் எழுதினேன், பெயரைக் குறிப்பிடவில்லை. இப்போது வேறு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் வந்து, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடக்கிறது. பதிவை அழித்துவிட்டால் போதுமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: அழித்துவிடுங்கள், ஆனால் அத்தோடு அது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் சான்றிதழ்கள், முந்தைய பணிக்காலம், முகவரி, காவல்துறை வழக்குகள் ஆகியவற்றையே பார்க்கிறார்கள்; சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு என்றாலும், நான் கண்டவரையில் பழைய பதிவு வெளியே வருவது வேறு வழியில்தான். உங்களுக்குக் குழுத் தலைவராக வரப்போகிறவர் நீங்கள் வேலையில் சேர்வதற்கு முந்தைய இரவு உங்கள் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்ப்பார். அல்லது பழைய அலுவலகத்து நண்பர் ஒருவர், அன்று சிரித்தபடி எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை யாருக்கோ அனுப்பியிருப்பார்.

பெயரைக் குறிப்பிடவில்லை என்பது பெரிய பாதுகாப்பு அல்ல. பதினான்கு பேர் உள்ள இடத்தில் ‘எங்கள் மேலாளர்’ என்றால் அவர் யார் என்று அனைவருக்கும் தெரியும். அவதூறு வழக்கிலும், படிப்பவரால் ஆளை அடையாளம் காண முடிகிறதா என்பதுதான் பார்க்கப்படும்.

காலம் கடந்துவிட்டது என்பதும் உதவாது. ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன், ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன் ட்விட்டரில் நகைச்சுவை என்று நினைத்து எழுதியவற்றுக்காக 2018இல் டிஸ்னி நிறுவனத்தால் நீக்கப்பட்டார். 2019இல் அதே நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருக்காகக் கையெழுத்திட்டுக் கடிதம் வெளியிட நடிகர் பட்டாளமே இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அப்படி யாரும் இல்லை.

பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே தடவையில் ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று மாற்றும் வசதி முகநூல் அமைப்புகளில் இருக்கிறது. இன்றே அதைச் செய்யுங்கள். நிறுவனத்தார் கேட்டால், கோபத்தில் எழுதியதையும் பிறகு நீக்கியதையும் இரண்டு வாக்கியங்களில் ஒப்புக்கொள்ளுங்கள்; கேட்காதபோது நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திட்டியதை மன்னிக்கும் மேலாளர்கள் உண்டு, நேர்காணலில் சொன்ன பொய்யை மன்னிப்பவர்கள் மிகக் குறைவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திட்டி எழுதிய பதிவைவிட, சிரித்துக்கொண்டு எடுத்த படம் வேலைக்கு அதிக ஆபத்தானது. அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டும் படம் ஒன்றை எனக்குத் தெரிந்த இளைஞர் பகிர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில் வாடிக்கையாளரின் பெயரும் திட்டம் வெளியாகும் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. நியமனக் கடிதத்தில் யாரும் படிக்காமல் கையெழுத்திடும் ரகசியக் காப்பு விதி அந்தப் படத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அரசின் ஒரு திட்டத்தைக் குறைகூறி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்தானே? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஸ்டேட்டஸ் மறையும், அதைப் பார்த்தவர்கள் எடுத்த படம் மறையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 உங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அரசைப் பொதுவெளியில் விமர்சிப்பது துறை நடவடிக்கைக்கு வழிவகுக்கலாம். உங்களுக்குப் பேச்சுரிமையே இல்லை என்பதும் சரியல்ல. அரசியல் கூட்டத்துக்குச் சென்றதற்காகவும் முகநூல் பதிவுக்காகவும், ஓய்வுபெறச் சில நாட்களே இருந்தபோது பணியிடை நீக்கம் செய்யப்பட்ட ஓர் ஊழியரின் வழக்கில், அரசு ஊழியருக்கும் விதிகளின் எல்லைக்குள் கருத்துரிமை உண்டு என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. ஆனால் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டது 2018 ஏப்ரலில்.