சுரங்க ஊர்கள் லேபரைக் கைவிட்ட கதை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிரிட்டனின் பழைய சுரங்க ஊர்கள் 2019 தேர்தலில் தொழிலாளர் கட்சியான லேபரைக் கைவிட்டதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் பிரெக்சிட் மட்டும்தான் காரணமா?

பதில்: பிரெக்சிட் கடைசி அடி, அவ்வளவுதான். போல்சோவர் தொகுதியைப் பாருங்கள். முன்னாள் சுரங்கத் தொழிலாளியான டென்னிஸ் ஸ்கின்னர் 1970 முதல் 49 ஆண்டுகள் அங்கே லேபர் நாடாளுமன்ற உறுப்பினர். ஐரோப்பிய ஒன்றியத்தை அவரே எதிர்த்தவர். அப்படியும் தோற்றார். 2016 வாக்கெடுப்பில் தொகுதியில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்திருக்க, கட்சியோ இன்னொரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்றது. நாங்கள் போட்ட ஓட்டு ஓட்டில்லையா என்று கேட்கமாட்டார்களா?

கேள்வி: பண்பாடு, அடையாளம் எல்லாம் பத்திரிகைகள் கிளப்பிய புகை. வயிற்றுப்பாடுதானே உண்மை?

பதில்: இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது. அதே தொகுதியில் ஷயர்புரூக் என்று ஓர் ஊர். சுரங்கம் இருந்தவரை தொழிற்சங்கத்திலும் மன்றத்திலும் கட்சியிலும் ஒரே ஆட்கள்தான். 1993இல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த நிலத்தில் பிறகு விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றின் பிரம்மாண்டமான கிடங்கு எழுந்தது. ஏஜென்சி மூலம் வேலை. பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பியர். வேலை முடிந்ததும் திருட்டுச் சோதனைக்காக வரிசையில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. 2016இல் நாடாளுமன்றக் குழு இதைக் கண்டித்தது.

இத்தனைக்கும், 2004இல் கிழக்கு ஐரோப்பியர்களுக்கு வேலைச்சந்தையை உடனே திறந்துவிட்டது லேபர் அரசு. ஆண்டுக்கு அதிகம் போனால் 13,000 பேர் வருவார்கள் என்பது கணிப்பு. வந்தவர்கள் பல மடங்கு. ஊர்க்காரர் முறையிட்டால் இனவெறி என்று வாயை அடைத்தார்கள். இனவெறியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை முதலாளி பக்கம் திருப்பிவிட அங்கே வலுவான சங்கம் இல்லை. என் பார்வையில் முக்கியமான இழப்பு அதுதான்.

கேள்வி: கொடிப் படத்தால் ஒருவர் பதவி இழந்தாராமே?

பதில்: லேபர் நாடாளுமன்ற உறுப்பினர் எமிலி தோர்ன்பெரி, 2014. இடைத்தேர்தல் நடந்த ரோச்செஸ்டரில் இங்கிலாந்துக் கொடிகள் தொங்கிய ஒரு வீட்டையும் வாசலில் நின்ற வெள்ளை வேனையும் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். இழிவாக ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனாலும் கொடியும் வெள்ளை வேனும் சாதாரண உழைப்பாளியின் அடையாளங்கள் என்பதால், அவர்களை ஏளனம் செய்கிறார் என்றே எல்லோரும் படித்தார்கள். அன்றே எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

கேள்வி: குடியேற்றத்தை லேபரே கடுமையாக எதிர்த்தால் ஓட்டு திரும்பிவிடாதா?

பதில்: லேபர் பிரதமராக இருந்தபோது ஸ்டார்மர் முயன்று பார்த்தார். 2025 மே மாதம், பிரிட்டன் ‘அந்நியர்களின் தீவு’ ஆகிவிடும் என்று எச்சரித்தார். அடுத்த மாதமே அந்தச் சொல்லுக்கு வருந்தினார். 2024இல் லேபர் மீட்ட போல்சோவர் இருக்கும் டெர்பிஷயர் கவுன்டியில், கவுன்சில் அதற்குள் குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியின் கைக்குப் போயிருந்தது. அசல் கடை திறந்திருக்க நகலை யார் வாங்குவார்கள்?

கேள்வி: அப்படியானால் தொழிலாளர்கள் எல்லோருமே போய்விட்டார்களா?

பதில்: இல்லை. தொழிலாளி என்றதும் சுரங்க ஊரின் வெள்ளைக்கார முதியவர் மட்டும் நினைவுக்கு வருவது நம் பிழை. லண்டனில் முதியோரைப் பராமரிக்கும் கறுப்பினப் பெண்ணும் பஸ் ஓட்டும் வங்காளதேசத்தவரும் தொழிலாளிகளே. 2019இலும் அவர்களில் பெரும்பாலோர் லேபர் பக்கமே நின்றார்கள்.