ஸ்பீக்கர் பெட்டிக்கு எந்த வைரமரம் நல்லது? பழைய வீட்டு முதிரைப் பலகையைப் பாவிக்கலாமா?

கேட்டவரிடம் 6½ அங்குல வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கானது) இரண்டு சோடி இருக்கின்றன. இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் பிரித்த பழைய வீட்டின் முதிரைப் பலகைகளும் கிடக்கின்றன. முதிரையிலேயே பெட்டி செய்யலாமா, இல்லாவிட்டால் தேக்கோ பாலையோ வாங்குவதா என்பது கேள்வி.

பெட்டியின் உடலை 18 மி.மீ. பிளைவூட்டில் செய்யுங்கள். முதிரையை அதன் மேல்தோலாகவும் விளிம்புச் சட்டமாகவும் வையுங்கள். முழுக்க மரத்தில்தான் வேண்டும் என்றால் தேக்கு. அது கட்டுப்படியாகாவிட்டால் மஹோகனி. பாலையை விட்டுவிடுங்கள்.

பாரமான மரம் நல்ல ஒலி தரும் என்று பலர் நம்புகிறார்கள். வீணைக்குடத்துக்கும் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பலாவைத் தேடுவது மரம் தானும் சேர்ந்து ஒலிக்கவேண்டும் என்பதற்காக. ஸ்பீக்கர் பெட்டி அப்படி ஒலிக்கக் கூடாது. வூஃபர் முன்னால் தரும் ஒலியோடு பெட்டிச் சுவரும் 200, 300 ஹேர்ட்ஸில் கூடப் பேசினால், பாட்டுக்காரரின் குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். நமக்கு வேண்டியது விறைப்பு, தட்டினால் உடனே அடங்கும் தன்மை, காற்றுப்புகாத மூட்டு. முதிரையும் பாலையும் நல்ல விறைப்பு, ஆனால் அடங்கமாட்டா. காய்ந்த முதிரைத் துண்டொன்றைத் தூக்கிப் பிடித்துத் தட்டிப் பாருங்கள், மணிபோல நீளமாக ஒலிக்கும். அதே அளவு பிளைவூட் ‘டொக்’ என்று நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மரம் அசைவது. வைரம் பாய்ந்த மரமும் மாரியில் அகலும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் எல்லாம். வன்னியில் ஆடி, ஆவணிச் சோளகத்தில் நன்கு உலர்ந்த பலகையின் ஈரம் சுமார் 12 சதவீதம் என்றால், கார்த்திகை, மார்கழி மழையில் சுமார் 16க்கு ஏறும். இந்த 4 சதவீத மாற்றத்துக்கு, 286 மி.மீ. அகலமுள்ள சாதாரணமாக அரிந்த தேக்கம் பலகை ஏறக்குறைய 2 மி.மீ. விரியும். வெட்டுமுகத்தில் வளையங்கள் பலகையின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அரிந்திருந்தால் சுமார் 1 மி.மீ. மட்டும். தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று, அதற்கே இவ்வளவு. அசைய இடம் வைக்காமல் பூட்டிவிட்டால் ஒன்றில் மூட்டுப் பிரியும், அல்லது பலகை நடுவே பிளக்கும். இரண்டிலும் காற்று ஒழுகும், பேஸ் போய்விடும்.

ஆகவே முழு மரப் பெட்டிக்கு முதல் விதி நார்ப்போக்கு. பக்கப் பலகைகளில் நார் கீழிருந்து மேலாக, மேல்கீழ்ப் பலகைகளில் இடமிருந்து வலமாக ஓடவேண்டும். நான்கும் ஒரே பலகையை மடித்துச் சுற்றியதுபோல வரும். அப்போது நான்கும் சேர்ந்து ஆழத்தில் மட்டும் விரியும், சுருங்கும். உயரமும் அகலமும் மாறா. மூலைகளை 45 பாகைச் சாய்வெட்டாக வெட்டி, உள்ளே மெல்லிய பிளைவூட் நாக்கு வைத்து ஒட்டலாம். முன்பலகையும் பின்பலகையும் கட்டாயம் பிளைவூட்டாகவோ எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆகவோ இருக்கட்டும். அவை அசையா, சுற்றுப் பலகைகளும் அந்தத் திசையில் அசையா, நான்கு பக்கமும் தைரியமாக ஒட்டலாம். முன்பலகையை மரத்தில் செய்து நாலா பக்கமும் ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்தால் வூஃபர் துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு ஓடும், ஏனென்றால் அங்கேதான் மரம் மிக ஒடுங்கியிருக்கிறது.

இனி மரங்கள். காய்ந்த நிலையில் ஒரு கனஅடியின் நிறையை வைத்துச் சொல்கிறேன், மரக்காலையில் கனஅடிக் கணக்கில்தான் விற்பார்கள். தேக்கு ஏறக்குறைய 18 கிலோ. வன்னியில் தேக்கந்தோட்டங்கள் உண்டு, ஆனால் இளமரம் என்றால் வைரம் சிறிதாகவும், அதைச் சுற்றிய மென்மையான வெளிறு அகலமாகவும் இருக்கும். வெளிறை வாங்காதீர்கள், உளு அரித்து மாவாகக் கொட்டும். மஹோகனி 16 கிலோ அளவு. சீவ இலகு, நன்றாக ஒட்டும். இந்த வேலைக்கு மஹோகனியைக் குறைத்து மதிக்கவேண்டாம். பலாவும் நல்ல மரம்தான். ஆனால் நிற்கும் பலாவை அனுமதியில்லாமல் வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. பற்றுச்சீட்டோடு கடையில் வாங்குங்கள். வேம்பு மலிவு, எங்கும் கிடைக்கும், பூச்சி அண்டாது. ஆனால் நார் பின்னிக் கிடப்பதால் உலரும்போது முறுக்கும். 80 மி.மீ. கீலங்களாக அரிந்து சேர்த்து ஒட்டினால் சமாளிக்கலாம். பூவரசு அதிகம் அசையாது, அகலப் பலகை கிடைப்பதுதான் கடினம். விளிம்புச் சட்டத்துக்கு அருமை. மலைவேம்பு மிக மென்மை, வேண்டாம். பனை கறுப்புக் கோடுகளோடு பார்க்க வடிவு. ஆனால் வெளிச்சுற்றில் மட்டுமே வைரம், சிலாம்பு கையில் ஏறும். மூலைக் கீலத்தோடு நிறுத்துங்கள்.

முதிரை கனஅடிக்கு 27 கிலோவரை போகும். பாலை 31, தண்ணீரில் தாழும். பாலை வாளையும் உளியையும் மழுக்கும், வெடிக்கும், பசை பிடிக்காது. வீட்டு வளைக்கும் தூணுக்கும் அது அரசன்; பெட்டிக்கு ஒரு பயனும் இல்லை. கருங்காலியைப் பற்றி எண்ணவே வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட மரம்.

உங்கள் கையில் உள்ள முதிரைக்கு வருவோம். பல ஆண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த மரம், அதுவே பெரிய பேறு. அரிவதற்கு முன் உலோகம் பார்க்கவேண்டும். பழைய ஆணி ஒரு பக்கம். 2009 வரை போர் நடந்த நிலம் இது. வீட்டுப் பலகையில் பாய்ந்த ஷெல் துண்டும் சன்னமும் உள்ளேயே தங்கியிருக்கலாம்; நிற்கும் மரத்தில் பாய்ந்தது என்றால் மரம் மூடி வளர்ந்துவிடும், வெளியே தழும்புகூடத் தெரியாமல் போகும். வாள் அதில் பட்டால் பல் தெறிக்கும், ஆளுக்கும் காயம். காந்தம் இரும்பை மட்டும் காட்டும்; ஈயமும் செம்பும் ஒட்டா. ஆகவே கையடக்க உலோகம் காட்டும் கருவியால் இரு பக்கமும் தடவுங்கள். மரத்தில் கறுநீலக் கறை கண்டால் அருகில் இரும்பு இருக்கக்கூடும் என்று எண்ணி நின்று பாருங்கள்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் சொறியும் கொப்பளமும் தரும். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்ததும் குளியல். இதில் சோம்பல் கூடாது. நார் பின்னியிருப்பதால் சீவுளி பிய்த்து எடுக்கும். கடைசி அரை மி.மீ.யைச் சுரண்டு தகட்டால் எடுத்தால்தான் அந்தப் பட்டு மினுக்கம் கெடாமல் வரும்.

மரக்காலையில் கொடுத்து 3 மி.மீ. தோலாக அரிவியுங்கள், தேய்த்து முடிக்கும்போது 2 நிற்கும். அதைவிடத் தடிப்பாக விட்டால் அது தோலாக இல்லாமல் பலகையாக நடந்து பிளைவூட்டை இழுத்து வளைக்கும். வெளியே தோல் ஒட்டினால் உள்ளேயும் ஏதாவது மலிவான மரத்தோல் அதே போக்கில் ஒட்டவேண்டும், இரு பக்கமும் சமமாக இழுப்பதற்காக. வாங்கிய மரத்தையோ பழைய மரத்தையோ லொறியில் ஏற்றுவதற்கு முன், கொண்டுசெல்லும் அனுமதி பற்றி வனவளத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அளவு. இந்த வகை வூஃபர் பலவற்றுக்கு 13 லீற்றர் அளவு நல்ல தொடக்கம். உங்கள் வூஃபரின் தரவுத்தாள் வேறு சொன்னால் அதன்படி மாற்றுங்கள். உள்ளளவு அகலம் 180, உயரம் 320, ஆழம் 250 மி.மீ.; இது 14.4 லீற்றர். வூஃபரும் குறுக்குச் சட்டமும் ஒரு லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும். 18 மி.மீ. சுவரோடு வெளியளவு 216, 356, 286. ஒரு பெட்டிக்குப் பக்கப் பலகை 356 × 286 இரண்டு, மேல்கீழ் 216 × 286 இரண்டு, முன்பின் 320 × 180 இரண்டு. முழு மரத்தில் செய்தால் இரண்டு பெட்டிக்கும் சுற்றுப் பலகை மட்டும், 1 அங்குலத்தில் வாங்கிச் சீவும் கழிவோடு, ஒரு கனஅடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு கனஅடி கேளுங்கள். பேஸுக்கு உதவப் பெட்டியில் வைக்கும் காற்றுக் குழாய்க்கு உள்விட்டம் 50 மி.மீ. பி.வி.சி. போதும். 13 லீற்றர்ப் பெட்டியை 50 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கக் குழாயின் நீளம் 145 மி.மீ. வரும். முதலில் 160 வைத்து, கேட்டுக் கேட்டு வெட்டுங்கள்.

புதுப் பலகை என்றால் ஈரத்தைக் கண்ணால் மதிக்கவேண்டாம். பலகையின் நுனியிலிருந்து ஓர் அடி தள்ளிச் சிறு துண்டு வெட்டி, சமையல் தராசில் நிறுத்து, 103 பாகை செல்சியஸ் அடுப்பில் நிறை மேலும் குறையாமல் நிற்கும்வரை வையுங்கள், ஏறக்குறைய ஒரு நாள். இழந்த நிறையைக் காய்ந்த நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரச் சதவீதம். 14க்கு மேல் என்றால் பொறுங்கள். நிழலில், இடையிடையே 1 அங்குலக் கீலம் வைத்து அடுக்கி, நுனிகளுக்குப் பெயின்ற் பூசிக் காயவிடுங்கள். தகரக் கொட்டிலின் வெக்கையில் வைத்தால் நுனி வெடிக்கும். பெட்டி கட்ட நல்ல காலம் மாசி, பங்குனி: மாரி ஈரம் இறங்கியிருக்கும், கோடையின் அடிமட்டமும் வந்திராது.

தேக்கிலும் முதிரையிலும் எண்ணெய்ப்பசை உண்டு. சீவிய அன்றே, அசிற்றோனில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தவுடன் ஒட்டுங்கள். மஹோகனிக்கும் பிளைவூட்டுக்கும் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும், முதிரைக்கு எபொக்சி. எபொக்சியில் கிளாம்பை முறுக்கி இறுக்காதீர்கள், பசை முழுவதும் வெளியேறி மூட்டு வறண்டுவிடும். முதிரையில் 4 மி.மீ. ஸ்குரூ ஆணிக்கு 3 மி.மீ. துளை போட்டு, ஆணியில் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஆணித் தலை முறியும்.

உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். 12 மி.மீ. பிளைவூட்டில் நடுவைப் பெரிதாக வெட்டி எடுத்த வளையம். அதை முன்பலகைக்குச் சமாந்தரமாக நிறுத்தி நான்கு சுவரிலும் ஒட்டுங்கள். சரி நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரு பக்கத் துண்டுகளும் வெவ்வேறு அதிர்வில் பிரிந்து அடங்கும். முழு மரப் பெட்டியில் இந்தச் சட்டத்தைத் தட்டுப்போல கிடையாக வைத்து ஒட்டக்கூடாது, அது ஆழத்தின் அசைவைப் பூட்டிவிடும். பக்கச் சுவர்களின் உள்ளே, வாகனக் கதவுக்குள் ஒட்டும் தார்த் தகட்டை நடுப்பகுதியில் ஒட்டினால் முதிரை, தேக்கின் ஒலிப்பு நன்றாகக் குறையும்.

முன்பலகையில் வூஃபர் துளையின் பின்விளிம்பை 45 பாகையில் சரித்துவிடுங்கள். 18 மி.மீ. பலகையில் அதைச் செய்யாவிட்டால் வூஃபரின் பின்மூச்சு அடைபடும். மலிவான பிளைவூட்டின் நடுவில் வெற்றிடம் இருக்கும், அது கறகறக்கும். வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஈரத்தைத் தடுக்கும் சீலரை வெளியே மட்டும் பூசுவோர் பலர். உள்ளேயும் அதே அளவு பூசவேண்டும், ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காவிட்டால் பலகை கூனும். இரு பக்கமும் இரண்டு பூச்சு, அதன் பிறகு வெளியே உங்கள் விருப்பம்: லக்கரோ எண்ணெயோ.

முடிந்ததும் காற்றுக் குழாயை உள்ளங்கையால் அடைத்து, வூஃபர் கூம்பை மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். ஆறுதலாக மீண்டால் பெட்டி இறுக்கம். சட்டென்று மீண்டால் எங்கோ ஒழுகுகிறது, மூலைகளிலும் வயர் துளையிலும் தேடுங்கள். பிறகு கைபேசியில் சுரமெழுப்பும் செயலியை வைத்து 80 முதல் 400 ஹேர்ட்ஸ்வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே விரல் நுனிகளைச் சுவரில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் திடீரென்று துடிக்கிறதோ அதைப் பென்சிலால் குறித்து, அதற்கு நேர் உள்ளே இன்னொரு துண்டுத் தார்த் தகடு. அது போதாவிட்டால் இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே அந்தப் புள்ளியில் 25 மி.மீ. சதுரக் கட்டையொன்றை முட்டுக்கொடுத்து ஒட்டுங்கள்.