தாத்தா காலத்து இசைத்தட்டுகள் எங்கள் சொத்துதானே, இணையத்தில் ஏற்றலாமா?

தட்டு உங்கள் சொத்துதான். பாட்டும் உங்கள் சொத்தா என்றால், அது வேறு கணக்கு.

ஐம்பது அறுபது தட்டுகள், காரைக்குடிப் பக்கத்து வீடு என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் பள்ளத்தூர்க்காரன். எங்கள் பூர்வீக வீட்டில் ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்குப் பங்கு உண்டு. சாவி என் கையில் இருக்கிறது என்பதற்காக வளவில் (உள்முற்றத்தில்) நிற்கும் தேக்குத் தூணை நான் விலை பேச முடியுமா? இசைத்தட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், பதிவு செய்த கம்பெனி என்று அதற்கும் பங்காளிகள் இருக்கிறார்கள். பாடியவர்? 1957 பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்டபோது அவரைப் பங்காளியாகவே சேர்க்கவில்லை. 1994 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள்.

கம்பெனியின் உரிமை, தட்டு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1950-இல் வந்த தட்டு என்றால் 2010 முடிவோடு தீர்ந்தது. வரிக்கும் மெட்டுக்கும் அப்படியில்லை. படைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் ஓட வேண்டும். அதனால் தியாகராஜர் கீர்த்தனைத் தட்டு என்றால் ஆண்டைப் பார்த்துவிட்டுத் தாராளமாக ஏற்றலாம். சினிமாப் பாட்டு என்றால் எழுதியவரும் இசையமைத்தவரும் எப்போது மறைந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் சினிமாவுக்கு வருவதற்கு முன் ரிக்கார்டு வியாபாரிதான். காரைக்குடியில் அப்பா கடையில் கிராமபோன் தட்டு விற்றவர், சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கித் தட்டுகளைத் தாமே வெளியிட்டார். பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்தவரும் அவர்தான். பாரதி 1921-இல் போய்விட்டார். அந்தப் பாட்டைத் தட்டில் பதிக்க ஒரு வியாபாரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது! 1949-இல் அரசு பாரதி பாடல்களைப் பொதுவாக்க முன்வந்தபோது, காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். ஆனால் பாரதி உயிரோடு இருந்தபோது அந்தப் பாட்டுகளால் அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, உங்கள் தட்டுகளுக்கு வருகிறேன். தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அந்தக் காலத்து 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது, அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரையும். நான் துடைத்தேன். பஞ்சு கறுப்பாகிக்கொண்டே போனது, அழுக்கு எவ்வளவு வருகிறது பார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். வந்தது அழுக்கு இல்லை, பாட்டு. காய்ந்த பிறகு அந்தப் பக்கம் சாம்பல் பூத்தது போல இருந்தது. ஊசியை வைத்தால் அடைமழைச் சத்தம்தான். வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மிதமான சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. பின்னால் வந்த எல்பி தட்டுக்கான மெல்லிய ஊசி இதற்கு ஆகாது, தடித்த ஊசி தனியாகக் கிடைக்கிறது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளுக்கும் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வாங்குகிறவர் கேட்பதற்காகத்தான் வாங்குவார் என்று சொல்ல முடியாது, சுவரில் மாட்டவும் வாங்குவார்.

அப்புறம், வீட்டில் கேசட் இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். தட்டுக்கு வேறு பிரதி எங்காவது இருக்கும், கேசட்டுக்கு இருக்காது. எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்று கேசட்டில் இருந்தது. பர்மாவிலிருந்து மாமன் கொண்டுவரும் சீரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாடுவார், நடுவில் இருமிவிட்டு, “எதுல விட்டேன்?” என்று கேட்பார். அதை இணையத்தில் ஏற்றிய மூன்றாம் நாள், உரிமை தங்களுடையது என்று யாரோ புகார் கொடுத்து நீக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், கேசட்டின் பிரதி எப்படியோ கைமாறி, ‘பாரம்பரியப் பாடல்’ என்ற தலைப்பில் ஒரு கம்பெனிப் பெயரோடு விற்பனையில் இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. இருமலை மட்டும் வெட்டியிருந்தார்கள். நல்லவேளை, அதுவே எனக்குச் சாட்சியானது. வெட்டாத பதிவும் உறையில் சித்தப்பா எழுதிவைத்த தேதியும் என்னிடம் இருந்ததால் ஒன்றரை மாதத்தில் திரும்ப வந்தது.

அதனால் ஒலியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். லேபிளின் இருபக்கமும், உறை, கடை முத்திரை எல்லாவற்றையும் படம் எடுங்கள். லேபிளை ஒட்டி அரக்கில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அப்படிக் குப்பை என்று பிறர் நினைத்ததையெல்லாம் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமானது. வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் அங்கே பேசிப் பாருங்கள்.

என்னிடம் ஒரு தட்டு இருக்கிறது. ராகம் காம்போதி, தாளம் ஆதி என்பது வரை லேபிளில் தெளிவாக இருக்கிறது. பாடிய அம்மாவின் பெயரைப் பூச்சி அரித்துவிட்டது. ‘பாள்’ என்று முடிவது மட்டும் தெரிகிறது. உங்கள் பெட்டியில் அதே பாட்டு அகப்பட்டால் சொல்லுங்கள்.