வண்டி ரிப்பேருக்கும் வீட்டுக் கைவேலைக்கும் உங்களுக்கு ரொம்பப் பிடித்த கருவிகள் எவை, ஏன்?

பர்மாவில் மோல்மீனுக்குத் தெற்கே, முடோன் போகும் சாலையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பைக், கார், ரப்பர் தோட்டத்துத் தோலாஜி (ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பூட்டிய நாட்டு டிரெய்லர் வண்டி), எது வந்தாலும் பார்ப்பேன். பெரியப்பாவிடம் தொழில் பழகி 22 வருடம் ஆகிறது. பிடித்த கருவி எது என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது அடித்துத் திருப்புகிற திருப்புளிதான். கடையில் இம்பேக்ட் டிரைவர் என்று கேட்டால் தருவார்கள். கரண்டில் ஓடுகிற இம்பேக்ட் கன் வேறு. நான் சொல்வது உள்ளங்கையில் கனமாக உட்காருகிற, சுத்தியலால் பின்னால் அடிக்கிற பழைய உருளை இரும்பு.

ஏன் அது என்றால், எங்கள் ஊரில் ஒரு வண்டி சாவதே இல்லை. ஜப்பானில் பத்துப் பதினைந்து வருடம் ஓடி முடித்த பிறகுதான் கப்பலேறி இங்கே வந்திருக்கும், வந்த பிறகு இன்னும் இருபது வருடம் ஓடுகிறது. 1970-இலேயே நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது, ஆனால் பாதிக்கு மேல் கார்களில் ஸ்டியரிங் இன்றைக்கும் வலப்பக்கம்தான் இருக்கிறது, எல்லாம் ஜப்பான் செகண்ட் ஹேண்ட் என்பதால். அப்படிப்பட்ட வண்டியில் ஒரே ஸ்க்ரூவை ஆறு பேர் கழற்றி மாட்டியிருப்பார்கள். மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை மழை, வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். எந்த ஸ்க்ரூவும் சும்மா வராது. அதனால் ஒரு கருவி எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்று நான் பார்ப்பதில்லை, ஸ்க்ரூவின் தலையைக் கெடுக்காமல் திருப்புகிறதா என்றுதான் பார்ப்பேன். தலை மழுங்கிவிட்டால் அரை மணி வேலை அரை நாள் ஆகும், அதே பார்ட்ஸ் ரங்கூனிலிருந்து வர வேண்டியிருந்தால் இரண்டு மூன்று நாள்.

இம்பேக்ட் டிரைவர் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். உள்ளே சாய்வாக வெட்டிய ஒரு கேம் (அடியைத் திருப்பலாக மாற்றும் இரும்புத் துண்டு) இருக்கிறது. பின்னால் சுத்தியலால் அடிக்கும்போது அந்த அடி இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு பிட்டை (முன்னால் மாட்டும் திருப்புளி முனை) ஸ்க்ரூவுக்குள் அழுத்துகிறது, மறு பங்கு அதே நொடியில் அதைத் திருப்புகிறது. சாதாரணத் திருப்புளியில் நாம் திருப்பத் திருப்ப அது மேலே வழுக்கி வெளியே வரப் பார்க்கும், இதில் அதற்கு வழியே இல்லை. அடியின் அதிர்ச்சியில் மரைக்குள் பிடித்திருக்கும் துருவும் உடைகிறது. ஹோண்டா ஃபிட் காரில் முன் பிரேக் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஸ்க்ரூ இருக்கும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதைக் கைத் திருப்புளியால் முயற்சி செய்தவர்கள் எல்லோரும் கடைசியில் டிரில் மெஷினைத்தான் தேடியிருப்பார்கள். நான் செய்வது இது: ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் இருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, 3ஆம் நம்பர் பிட்டைப் போட்டு, கருவியின் உடம்பை இடது பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோ சுத்தியலால் ஒரே அடி. தயங்கித் தயங்கி நாலு அடி அடிப்பதைவிட மனசார ஒரு அடி அடிப்பது மேல். அந்த அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், கையில் லேசாகத் தளர்வது தெரியும். அந்தச் சத்தம் கேட்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, ஜப்பான் வண்டியில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ நாம் நினைக்கிற ஸ்டார் ஸ்க்ரூ இல்லை. நம் கையில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ் திருப்புளி, அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936-இல் காப்புரிமை வாங்கிய வடிவம். ஜப்பான்காரர்களுடையது ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில் தரம்) அளவு. பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் பள்ளத்தில் முழுசாக இறங்கி உட்காராது, கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம்தான் தலையைத் தின்கிறது. பல ஸ்க்ரூக்களின் தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி குத்தியிருப்பார்கள், அதைப் பார்த்தால் ஜேஐஎஸ் என்று புரிந்துகொள்ளலாம். பைக்கில் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைப் பாருங்கள், பத்து வண்டியில் எட்டு வண்டிக்கு அது குதறிப்போய் இருக்கும். காரணம் தப்பான திருப்புளி மட்டும்தான். வெசல் என்ற ஜப்பான் கம்பெனியின் திருப்புளி ஒரு செட் வாங்கிய பிறகு அந்தத் தலைவலி எனக்கு இல்லை. பெரியப்பா காலத்தில் இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பிலிப்ஸ் திருப்புளியின் மூக்கை அரத்தால் கொஞ்சம் ராவிக் குட்டையாக்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் “இப்படி வச்சாத்தான்டா உட்காருது” என்பார். பெயர் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்.

அடுத்து ஸ்பேனர். நட் தலையைக் காப்பாற்றுவதில் முதல் இடம் ஆறு முனை சாக்கெட்டுக்கு (நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டுவது). பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்டுவதற்குச் சுலபம், இடுக்கில் உதவும், ஆனால் அது நட்டின் மூலையைப் பிடிக்கிறது. ஆறு முனை, பக்கத்தைப் பிடிக்கிறது. துருப்பிடித்த போல்ட்டில் இந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம். ஓப்பன் ஸ்பேனரை நான் கடைசியாகத்தான் எடுப்பேன், பிரேக் பைப் மாதிரி வேறு வழி இல்லாத இடத்துக்கு, அங்கேயும் வாய் வெட்டிய பைப் ஸ்பேனர் இருந்தால் அதுதான்.

அளவு விஷயத்தில் ஒரு சங்கதி. ஜப்பான் கார்களில் 8 மில்லி போல்ட்டின் தலை 12, 10 மில்லி போல்ட்டுக்கு 14, 12 மில்லிக்கு 17. சீனா போல்ட்டாக இருந்தால் 8 மில்லிக்கு 13 வரும், 10 மில்லிக்கு 16 அல்லது 17. எங்கள் ஊர் வண்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கும், ஏனென்றால் தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். 12 தலையில் 13 ஸ்பேனர் மாட்டும், திரும்பவும் செய்யும், அப்புறம் ஒருநாள் உருட்டிவிடும். பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதுதான். அவன் பர்மியப் பையன், என்னை சயா (வாத்தியார்) என்று கூப்பிடுவான், ஸ்பேனரை குவா என்பான். “12 குவா, 13 குவா ரெண்டையும் ஒரே டப்பாவில் போடாதே” என்று பர்மிய மொழியில் தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறேன்.

மரையும் இப்படித்தான். ஜப்பான் வண்டிகளில் 10 மில்லி போல்ட்டின் மரை பெரும்பாலும் 1.25 இடைவெளி, இரும்புக் கடையில் வாங்குவது 1.5. இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும், ஆள் பலத்தைக் காட்டினால் உள்மரை காலி. மரை அளக்கும் கேஜ், சீப்பு மாதிரி இருக்குமே, அது விரல் நீளம்தான், விலையும் கொஞ்சம்தான். அது இல்லாமல் ஒரு போல்ட்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் ஸ்பேனர்) பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிற ஒரு மாமா, விடியுமுன் மூன்று மணிக்குத் தோட்டத்துக்குப் போகிறவர், ஹோண்டா வேவ் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடியில் எஞ்சின் ஆயில் சொட்டுகிறது. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொட்டதும் அது கையோடு வந்தது, கூடவே அலுமினிய மரையும் சுருள் சுருளாக வந்தது. அதற்கு முந்தின வாரம் வேறொரு இடத்தில் ஆயில் மாற்றியிருக்கிறார்கள், ஸ்பேனர் மேல் காலை வைத்து இறுக்கியதைத் தானே பார்த்ததாகச் சொன்னார். அந்தப் போல்ட்டுக்கு வேண்டியது 24 நியூட்டன் மீட்டர் இறுக்கம். சின்ன ராட்செட்டை (சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி) நடுவில் பிடித்துக்கொண்டு மணிக்கட்டால் இழுக்கிற அளவு. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே சுருள் கம்பி போட்டுச் சரி செய்து கொடுத்தேன். இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளும் அவருக்கு வேலை இல்லை. “ஆயில் மாத்தப் போனது தப்பா தம்பி?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பையன் யாராக இருந்தாலும் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக், வீல் நட் மூன்றையும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்க விடுவதில்லை. டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவைக் கீழ்க்கோட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அதை வைத்து எதையும் கழற்றக் கூடாது, அவ்வளவுதான் அதன் பராமரிப்பு.

மல்டிமீட்டர் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மழையில் ஸ்டார்ட் ஆகாத கார் வந்தால் எல்லோரும் பேட்டரியை மாற்றுகிறார்கள். நான் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பாடியிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்வேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர்தான் குற்றவாளி, கழற்றி உப்புத்தாள் போட்டு மாட்டினால் வேலை முடிந்தது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சும்மா இருக்கும்போது 12.6, வண்டி ஓடும்போது சுமார் 14. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்த மாதிரி.

கைவேலை என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வெர்னியர் காலிப்பர் (விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி). போன வருடம் எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் தேர் இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. புஷ் (அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் உலோக வளையம்) தேய்ந்துவிட்டது, புதுசு போட்டால் போதும் என்றார்கள். சக்கரத்தைக் கழற்றி அச்சைத் துடைத்து வெர்னியரை வைத்துப் பார்த்தேன். குறுக்காக 49.6 மில்லி, மேலிருந்து கீழாக 47.9. அதாவது அச்சு உருண்டையாகவே இல்லை, பாரம் இறங்குகிற அடிப்பக்கம் மட்டும் தேய்ந்து முட்டையாகி இருக்கிறது. இதில் புதுப் புஷ் போட்டிருந்தால் ஒரே திருவிழாவில் அதுவும் போயிருக்கும். அச்சில் வெல்டிங்கை ஏற்றி, டவுனில் லேத்தில் கொடுத்துச் சரியாக 50-க்குக் கடைந்து, அதற்குப் பித்தளைப் புஷ் போட்டோம். இந்த வருடம் தேர் நேராகப் போனது, என் அம்மா ரொம்ப நேரம் கும்பிட்டுக்கொண்டே நின்றார்கள். எதையும் ஒரே பக்கத்தில் அளக்காதீர்கள், குறுக்கும் நெடுக்கும் இரண்டு தடவை அளந்து பாருங்கள்.

ஜாக்கி பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தாங்குவது ஒரு சின்ன ரப்பர் சீலும் கொஞ்சம் எண்ணெயும்தான். ஸ்டாண்டு வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, செங்கல்லும் கட்டையும் ஸ்டாண்டு ஆகாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது, என் பட்டறையில் இதை மீறினால் அன்றைக்கு வேலை நின்றுவிடும்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்பீர்கள். 120 உருப்படி, 200 உருப்படி என்று பெட்டியில் பளபளவென்று வருகிறதே, அதை வேண்டாம் என்பேன். அதே காசுக்கு ஆறு முனை சாக்கெட்டில் 8, 10, 12, 14, 17, 21, ஒரு நல்ல ராட்செட், ரிங் ஸ்பேனர் நாலு, ஜேஐஎஸ் திருப்புளி 2ஆம் நம்பரும் 3ஆம் நம்பரும், இம்பேக்ட் டிரைவர். ஜப்பான் பழைய கருவி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். என்னிடம் கேடிசி 14 ரிங் ஸ்பேனர் ஒன்று இருக்கிறது, கியோட்டோவில் 1950-இல் தொடங்கிய கம்பெனி, ரங்கூனில் பழைய சாமான் குவியலில் எடுத்தது. மேல் பூச்சு எல்லாம் போய்விட்டது, வாய் மட்டும் இன்னும் துளி ஆடவில்லை.

துருவுக்கு: டபிள்யூடி-40 கழற்றுவதற்கு நல்லது, தண்ணீரை விரட்டவென்றே 1953-இல் 40ஆவது முயற்சியில் செய்த கலவை அது. ஆனால் மழைக்காலம் முழுக்கக் கருவியைக் காக்க அது மட்டும் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும். நான் ராத்திரி பட்டறை மூடும்போது எஞ்சின் ஆயிலில் நனைத்த பழைய லுங்கித் துணியால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை துடைத்துத்தான் பெட்டியில் வைக்கிறேன். ஜூன், ஜூலையில் அதற்கே பத்து நிமிடம் ஆகும், கரண்ட் போயிருந்தால் போன் வெளிச்சத்தில்.