சென்னையில் வசந்த காலம் என்று ஒன்று உண்டா? உங்கள் தெருவில் நடக்கும்போது என்ன பூத்திருக்கிறது?

உண்டு. இன்று காலை எங்கள் நங்கநல்லூர்த் தெருவில் அதன்மேல்தான் நடந்துவிட்டு வந்தேன்.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் காலையில் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தை பிறந்ததிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தடுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் பார்வை எப்போதும் தரையில்தான் இருக்கும். நான் இதே தெருவில் பதினெட்டு வருடமாகப் போய்வருகிறேன். ஆனால் பழவந்தாங்கலில் ரயிலைப் பிடிக்க ஓடும் ஓட்டத்தில், எந்த வீட்டு வாசலில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தலை நிமிராமல் நடக்கும் அம்மாதான் இந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு மரத்தையும் எனக்கு அடையாளம் காட்டினார். கீழே கிடப்பதைப் பார்ப்பார், பெயரைச் சொல்வார், பிறகு நான் அண்ணாந்து பார்ப்பேன். ஒரு முறைகூட அவர் தவறாகச் சொன்னதில்லை.

நமக்கு வெயில், கடும் வெயில், மழை என்று மூன்று காலம்தானே, குளிர்நாடுகளைப் போல வசந்தம் ஏது என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சித்திரையையும் வைகாசியையும் நம் முன்னோர் இளவேனில் என்றார்கள். வேனில் என்றாலே வெயில் காலம்தான்; இது அதன் இளம்பருவம். பனி உருகி வரும் வசந்தத்தை இங்கே தேடினால் கிடைக்காது. நம்முடையது வியர்வையோடு வருகிறது. மண் காய்ந்து, கிணற்றில் நீர் இறங்கும் நாட்களில்தான் நம் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கின்றன. அதற்குக் காரணமும் இருக்கிறது. வேம்பு இப்போது பூத்தால்தான் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பழம் பழுத்து விழும். வேப்பங்கொட்டையின் முளைக்கும் திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும், ஆகவே விழுந்த கையோடு அதற்கு ஈரம் வேண்டும்.

முதலில் வந்தது புங்கை. மாசிக் கடைசியில் எங்கள் தெருப் புங்கைகள் மொட்டையாக நின்றன. பட்டுப்போய்விட்டதோ என்று நான் கவலைப்பட்டேன். அடுத்த வாரமே தளிர் விட்டன. அந்தப் பச்சையை நீங்கள் காலை வெயிலில் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவியதுபோல ஒவ்வொரு இலையும் மினுங்கும். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் அப்படி இருக்கும், பிறகு கரும்பச்சையாகிவிடும். தளிருக்கு நடுவிலிருந்து பூங்கொத்துகள் கிளம்பின. மேலே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. தரையில்தான் தெரியும். ஒரு நாள் காலையில் அம்மா சட்டென்று நின்றார். "யாரோ பொரியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார். குனிந்து பார்த்தால் புங்கம்பூ! புன்கம்பூ உதிர்ந்து கிடக்கும் மணலுக்கு, முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டுக் களத்தில் சிதறிய நெற்பொரியைச் சங்கப் புலவர் ஒருவர் உவமை சொல்லியிருக்கிறார். பாட்டு எதையும் படிக்காத அம்மாவுக்கும் அதே பொரிதான் தோன்றியது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். அடியில் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு சிறு கிண்ணம், அதிலிருந்து வெளியே வரும் வெள்ளை இதழ்கள், அவற்றின்மேல் கழுவிவிட்டதுபோல லேசான இளஞ்சிவப்பு. அவரைப்பூவின் அதே அமைப்பு. புங்கையும் அவரைக் குடும்பம்தான். மரத்தடியில் நின்று காதைக் கொடுத்தால் மேலே தேனீக்களின் இரைச்சல் கேட்கும். காலை ஆறரை மணிக்கே வேலையை ஆரம்பித்துவிடுகின்றன.

இந்தப் புங்கைகளுக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு இவை நின்ற இடத்தில் செம்மயிற்கொன்றைகள் நின்றன, மே ஃபிளவர் என்று நாம் சொல்வோமே, அவைதான். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம், கோடையில் தெருவையே சிவப்பாக்கும். வேர் ஆழமாக இறங்காது, கிளையும் சட்டென்று முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் ஐந்து போயின. அடுத்த ஆண்டு குடியிருப்போர் சேர்ந்து அந்தக் குழிகளில் புங்கங்கன்றுகளை வைத்தார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள் அவை.

ஐந்தில் இப்போது நான்குதான் இருக்கின்றன. ஒரு வீட்டில், காரின்மேல் பூ விழுந்து கறையாகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் மரத்தை அடியோடு வெட்டிவிட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் போய்க் கேட்டபோது, தினமும் குப்பை அள்ள முடியவில்லை என்றார்கள். அந்தப் பூவைக் குப்பை என்று ஒருவர் சொல்லிக் கேட்டது எனக்கு மிகவும் வலித்தது. இப்போதும் அந்த இடத்தில் வெயில் நேரே இறங்குகிறது, கார் பகலெல்லாம் கொதிக்கிறது. அந்த அடிக்கட்டை இருக்கும் இடம் வந்ததும் அம்மா நடையைக் கொஞ்சம் வேகமாக்குவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இப்போது வேம்பின் முறை. இரவு ஏழு மணிக்கு மேல் மின்சாரம் போன ஒரு நாள் மொட்டை மாடிக்குப் போனோம். காற்றில் ஒரு தித்திப்பு வாசனை, மல்லிகையில் தேனைக் கலந்ததுபோல. இவ்வளவு கசப்பான மரத்துக்கு இவ்வளவு இனிய மணமா என்று இந்த வயதில்தான் ஆச்சரியப்படுகிறேன். மறுநாள் விடியற்காலை அம்மா என்னைவிட முன்னால் எழுந்துவிட்டார். கொல்லையில் வேப்பமரத்தடியில் பழைய நூல்புடவை ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைக்கச் சொன்னார். ஒரே இரவில் பூ உதிர்ந்து புடவை வெள்ளையாகிவிட்டது. ஐந்து இதழ், நடுவில் மெழுகால் செய்ததுபோல ஒரு சிறு குழாய், அதன் வாய்க்குள் மஞ்சள் பொடிப்பொடியாக மகரந்தம். இவ்வளவு வேலைப்பாட்டை ஒரு மரம் லட்சக்கணக்கில் செய்து காற்றில் விட்டுவிடுகிறது.

காம்பையும் எறும்பையும் நீக்கி, முறத்தில் பரப்பி, மூன்று நாள் வெயிலில் வைத்தோம். இப்போது பழுப்பாகி, தொட்டால் சலசலக்கிறது. நெய்யில் கருகாமல் சிவக்க வறுத்து ரசத்தின்மேல் போட வேண்டும். சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் சேர்த்த பச்சடியிலும் போடுவோம். கடையில் பொட்டலமாகக் கிடைப்பதை இத்தனை வருடம் வாங்கிக்கொண்டிருந்தேன், தலைக்குமேல் மரத்தை வைத்துக்கொண்டு.

பள்ளிக்கூட மதில் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் பூ இளஞ்சிவப்புக் குஞ்சம். உதிர்ந்ததைப் பிள்ளைகள் கன்னத்தில் தடவி முகப்பூச்சு விளையாடுகிறார்கள். முனைவீட்டுப் பூவரசு வருடம் முழுவதும் பூக்கும் மரம், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை: காலையில் மஞ்சளாக மலரும் பூ, வாடும்போது செம்மையாகிவிடும், அதனால் மரத்தடியில் இரண்டு நிறமும் கலந்து கிடக்கும். குயில் எந்த மரத்திலிருந்து கூவுகிறது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாங்கள் காத்திருப்பது சரக்கொன்றைக்கு. சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ, முல்லை நிலத்துக்கு உரியது. எங்கள் தெருக் கொன்றை சித்திரையில்தான் பூக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறது. போன வருடத்துக் காய்கள் கறுத்த கோல்களாக இன்னும் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே திங்கட்கிழமை பச்சை மொட்டுச் சரம் ஒன்று தெரிந்தது. நேற்று மூன்று. இந்த ஒரு மரத்துக்கு மட்டும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், ஏனென்றால் இது இன்னும் தரைக்கு வரவில்லை.

நீங்களும் உங்கள் பகுதியில் பார்க்க விரும்பினால் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்புங்கள். எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாள் ஆறேமுக்காலுக்கு வந்துவிடுவார். பங்குனி வந்தால் தனக்கு இரண்டு கூடை கூடுதல் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்கள் வாசல் புங்கையடியைக் கடைசியாகப் பெருக்குகிறேன், அம்மா பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றார். இப்போது தினமும் அப்படித்தான் செய்கிறார்.