கறியை நிறுத்தினோம், கார்டு வட்டி நிற்கவில்லை

கேள்வி: சேலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் தனியார் நிறுவனத்தில் 34,000 ரூபாய் வாங்குகிறார். நான் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், 14,000 ரூபாய். ஒன்பது வயதில் ஒரு மகள். சென்ற ஆண்டு முதல் சிக்கனமாக இருப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, சாயங்காலத் தட்டுவடை செட், எப்போதாவது போகும் ஏற்காடு, மகளின் ஓவிய வகுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஆனாலும் கையில் எதுவும் நிற்கவில்லை, வீட்டில் சிரிப்பும் குறைந்துவிட்டது. "நாம் ஏழையாகிவிட்டோமா அம்மா?" என்று மகள் கேட்கிறாள். இன்னும் எதைக் குறைப்பது? மாமியார் சேரச் சொல்லும் தீபாவளிச் சீட்டில் சேரலாமா? வரவு செலவை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இனி எதையும் குறைக்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. குறைக்கக் கூடாததை எல்லாம் குறைத்துவிட்டு, குறைக்க வேண்டியதைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வாடகை 10,500. மளிகை, பால், காய்கறி 11,000. பள்ளிக் கட்டணமும் வேனும் 6,000. கார் தவணை 7,200. பெட்ரோல் 3,000. மின்சாரம், கேஸ், இணையம், போன் 3,300. கைப்பேசித் தவணை 1,900. நகைச் சீட்டு 2,000. மொத்தம் 44,900 ரூபாய். மீதி 3,100 ரூபாயில் மொய், மருந்து, துணிமணி எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. நடக்காததால் கிரெடிட் கார்டைத் தேய்த்திருக்கிறீர்கள். அதில் பாக்கி 38,000 ரூபாய் என்று கடைசி வரியில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கார்டு பில்லில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் என்றிருக்கிறது. 38,000 ரூபாய்க்கு மாதம் 1,330 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது ஒரு 240 ரூபாய். ஆக 1,570 ரூபாய். வாரம் அரைக் கிலோ ஆட்டுக்கறியை நிறுத்தியதில் மிஞ்சியது மாதம் 1,700 ரூபாய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அப்படியே கார்டு நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டிவந்தால் அபராதம் வராதே தவிர, வட்டி நிற்காது. அது மட்டுமில்லை, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் 45 நாள், 50 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும் என்பதெல்லாம் முழுத் தொகையையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான்.

இதற்கு என் யோசனை: வங்கியில் நகைக் கடன் வாங்கி, கார்டுப் பாக்கியை ஒரே தவணையில் அடையுங்கள். இன்றைய தங்க விலைக்கு ஒரு சவரன் போதும். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஆண்டுக்கு 9, 10 சதவீத வட்டியில் கிடைக்கும். மாதக் கணக்கில் 300 ரூபாய் சொச்சம். 1,570 எங்கே, 300 எங்கே? நகையை அடகு வைப்பதைக் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாக நினைக்கிறவர்கள் கார்டுக்கு 42 சதவீத வட்டி கட்டுவதை நாகரிகமாக நினைப்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். ஒரே நிபந்தனை, அடைத்த அன்றே கார்டைப் பீரோவில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நகைக் கடனும் இருக்கும், கார்டுக் கடனும் இருக்கும்.

நகைச் சீட்டு இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது என்கிறீர்கள். பாதியில் நிறுத்தினால் கடைக்காரர் தருவதாகச் சொன்ன சலுகை போய்விடும், எனவே கட்டி முடியுங்கள். அடுத்த சீட்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கைப்பேசித் தவணை நான்கு மாதத்தில் முடிகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் 3,900 ரூபாய் விடுபடும். அதை அப்படியே நகைக் கடனுக்குத் திருப்புங்கள். அப்படிக் கட்டிவந்தால் ஓராண்டு சொச்சத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

அடுத்தது கார். இதைப் பேசினால் உங்கள் கணவருக்குக் கோபம் வரலாம், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். தவணை 7,200. காப்பீடும் சர்வீசும் ஆண்டுக்கு 20,000 ரூபாய், மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,700. கார் குடிக்கும் பெட்ரோல் 1,200. மாதம் பத்தாயிரம் ரூபாய். அது தெருவில் நிற்கும் நாட்களே அதிகம். நாமக்கல்லில் உங்கள் அம்மா வீட்டுக்கு ஒருமுறை, ஏதாவது விசேஷத்துக்கு ஒருமுறை என்று மாதத்தில் இரண்டு தடவை வெளியே எடுக்கிறீர்கள். ஒரு தடவைக்கு ஐயாயிரம் ரூபாய்! நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். வாடகைக் காரில் போய் வந்தாலும் இதில் பாதிக்குமேல் ஆகாது. பஸ்ஸில் போனால் கணக்கே வேறு.

விற்பதா வேண்டாமா என்பதை உணர்ச்சியில் முடிவு செய்யாதீர்கள். கடன் கொடுத்த வங்கியில் இன்றைய தேதிக்கு அடைக்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதும் அதில் இருக்கும். பிறகு பழைய கார் வாங்குகிற இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். விலை கடனைவிடக் கூடுதலாக வந்தால் விற்றுவிடுவது நல்லது. குறைவாக வந்தால், வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டு முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் காத்திருங்கள். கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயரை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைக் கைமாற்ற முடியாது. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர்கள் இல்லை.

மின்சாரத்தில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு மாதத்துக்கு 530 யூனிட் ஓடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் விலைப் பட்டியலே மாறிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு மிகக் குறைந்த கட்டணம். 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய், அதே யூனிட்டுகளுக்கு இருமடங்கு. கூடியது ஒரு யூனிட்தான் என்றாலும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். நீங்கள் தாண்டுவது வெறும் 30 யூனிட். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். கூடத்திலும் படுக்கையறையிலும் இரண்டை மாற்றினால் 450-க்கு வந்துவிடுவீர்கள். பில்லில் எழுநூறு எண்ணூறு ரூபாய் குறையும். புழுக்கத்தில் விசிறியை அணைத்துவிட்டு உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

மளிகையில் நான் கை வைக்க மாட்டேன். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். "வரிசையில் நிற்கச் சங்கடமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கடத்துக்கு அது கொஞ்சம் அதிக விலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மொய்க்கு வருவோம். நம் ஊர்க் குடும்பங்களின் வரவு செலவில் கணக்கில் வராத பெரிய செலவு இதுதான். மாதத்துக்கு இரண்டு மூன்று பத்திரிகை வருகிறது, யார் வீட்டுக்கும் போகாமல் இருக்க முடியவில்லை என்கிறீர்கள். போகாமல் ஏன் இருக்க வேண்டும்? சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து இலையில் சாப்பிடுவதைப் போன்ற மலிவான மகிழ்ச்சி வேறு ஏது? போங்கள், மொய்யைத் திட்டமிட்டு எழுதுங்கள்.

உங்கள் கல்யாண மொய் நோட்டு எங்கோ பெட்டியில் இருக்கும், எடுங்கள். அதில் உங்களுக்குச் செய்தவர்களில் யாருக்கு இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்று தனியாகக் குறியுங்கள். அது கடன், கட்டத்தான் வேண்டும். அவர்கள் ஐந்நூறு எழுதியிருந்தால், கொஞ்சம் சேர்த்து எழுதுவதுதான் முறை. ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் முடிந்தவர்கள், அலுவலகப் பழக்கம், எதிர்வீட்டுக்காரர் போன்றவர்களுக்கு 201 ரூபாய் போதும். கவரின் கனத்தை யாரும் எடை போடுவதில்லை. அண்ணன் தம்பி வீட்டுச் சீர், தாய்மாமன் சீர் போன்றவற்றைப் பல மாதம் முன்பே அறிவீர்கள், அவற்றுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

முகூர்த்தம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் நெருக்கியடிக்கும். எனவே மாதம் 1,500 ரூபாயை, விசேஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனிக் கவரில் போட்டுவிடுங்கள். ஆடியில் சேர்ந்தது ஆவணிக்கு உதவும். சென்ற ஆண்டு மொய்க்குக் கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு மளிகையைக் கார்டில் வாங்கினீர்கள் அல்லவா, உங்கள் பாக்கி வளர்ந்ததே அந்த வழியில்தான். விசேஷத்துக்கு விசேஷம் புதுப்புடவை என்ற வழக்கம் இருந்தால் அதையும் யோசியுங்கள். போன கல்யாணத்தில் நீங்கள் கட்டிய புடவையை நினைவு வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி திரும்பக் கொண்டுவர வேண்டியவை. கறி, தட்டுவடை செட், ஏற்காடு, ஓவிய வகுப்பு நான்கும் சேர்ந்தே மாதம் 2,900 ரூபாய்க்குள்தான். கறியை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள், கார்டு வட்டி நின்றதும் அதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். ஓவிய வகுப்பு 500 ரூபாய். மகளுக்கு அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, அவளுடைய வாரத்தின் அச்சு. அதை நிறுத்திய அன்றுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கும்.

தட்டுவடை செட்டை நிறுத்தியதுதான் எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு தட்டைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், பச்சையும் சிவப்புமாக இரண்டு சட்னி, கடைக்காரர் கையில் வைத்ததும் நொறுங்குவதற்குள் ஒரே வாயில் போட வேண்டும். மூன்று பேருக்கு வாரம் 90 ரூபாய். வண்டிக்கடை முன்னால் நின்று மூவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்ட அந்தக் கால் மணி நேரத்தை எந்த விலைக்கு வாங்குவீர்கள்? ஏற்காட்டுக்குக் காரில் போகாதீர்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போவது மகளுக்கு அதைவிடப் பிடிக்கும், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். மாம்பழக் காலத்தில் சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழம் வாங்காதீர்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அப்போது ஆப்பிளை நிறுத்திக்கொள்ளலாம்.

மகளின் கேள்விக்கு: "காசு இல்லை" என்ற வார்த்தையை அவள் காதில் விழும்படி சொல்வதை விட்டுவிடுங்கள். "இந்த மாதம் இதற்கு ஒதுக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. "சினிமாவா, ஏற்காடா, நீயே சொல்" என்று முடிவை அவளிடம் விடுங்கள். தேர்ந்தெடுக்கிற குழந்தை தன்னை ஏழையாக நினைப்பதில்லை.

உங்களுக்கும் கணவருக்கும் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் கணக்குக் கேட்காத பணமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் டீக்கடையில் செலவழித்தாலும் சரி, நீங்கள் வளையல் வாங்கினாலும் சரி, நோட்டில் எழுத வேண்டாம். ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிய வீட்டில் சண்டை ஓயாது.

ஒன்றை மட்டும் உங்கள் சம்பளச் சீட்டில் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். உங்கள் 14,000-க்குப் பிடித்தம் 105 ரூபாய்தான் இருக்கும். அது பிடிக்கப்பட்டால் உங்களோடு கணவருக்கும் மகளுக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு. கட்டிக்கொண்டே இருந்துவிட்டு, காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற குடும்பங்கள் ஏராளம். வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும் இருவரும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகத் தீபாவளிச் சீட்டு. மாமியாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சீட்டு பதிவு செய்யப்பட்டதா, பணம் கட்டியதற்கு ரசீது உண்டா? தெரிந்தவர், நல்லவர், பத்து வருடமாக நடத்துகிறார் என்பதெல்லாம் பதில் ஆகாது. ஓடிப்போனவர்கள் எல்லோரும் அதற்கு முந்தைய நாள்வரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். இரண்டுக்கும் "ஆம்" வராவிட்டால் சேர வேண்டாம், அத்தையின் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். தீபாவளிக்குச் சேர்க்க வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு போதும். அவசரத்துக்கென்று நீண்ட நாள் சேர்ப்பதற்கு அஞ்சலகத் தொடர் வைப்பு இருக்கிறது. அது ஐந்தாண்டுக் கணக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். நகைக் கடன் முடிகிற மாதத்தில், கட்டிவந்த அதே 3,900 ரூபாயை அந்தக் கணக்கில் போடத் தொடங்குங்கள்.